ஐம்பது சலாமுக்கு ஒரு பேட்டரி

— அந்தப் பெருசு வேணாம் அண்ணே. இதவிட மட்டமா ஏதாச்சும் காட்டுங்க.

— மட்டமாவா? தங்கச்சி, இந்த மர்கிலான் சந்தையில பதினஞ்சு வருஷமா கேமரா சாமான் விக்கிறேன். நல்லதாக் காட்டுன்னு உசிர எடுப்பாங்க. மட்டமாக் காட்டுன்னு கேட்ட மொத ஆளு நீதான்.

— என் ஃபிளாஷுக்குள்ள செல் போடுற இடம் துருப்பிடிச்சுடுச்சு. வெளியில பேட்டரி மாட்டினாத்தான் மின்னும்.

— அதுக்குத்தான் சொல்றேன், இத இடுப்புல கட்டிக்க. ஐந்நூறு தடவ மின்னும். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அடுத்ததுக்கு ரெடி.

— ஐந்நூறு ஆகாது.

— என்ன விசேஷம்?

— ஞாயித்துக்கிழமை காலையில மருமக சலாம்.

— அடிப்பாவி! அதுக்கா மட்டம் கேக்குற? சொந்தக்காரன் ஒவ்வொருத்தன் பேரையும் பாடிக் கூப்பிடுவாங்க, ஒவ்வொருத்தனுக்கும் புதுப்பொண்ணு குனிஞ்சு நிமிரணும், ஒவ்வொண்ணுக்கும் படம் விழணும். ஒருத்தன் விட்டுப்போனா ஆயுசுக்கும் முகத்துல முழிக்க மாட்டான். எனக்கே அன்னிக்கு ஒரு சலாம் இருக்கு. பெரியப்பா மகன் வீடு. பதினோரு வருஷமாப் பேச்சு இல்ல, இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. புது அங்கி தெச்சாச்சு. அந்தப் படத்த மாட்ட என் பொண்டாட்டி இப்பவே ஆணி அடிச்சு வெச்சுட்டா.

— சந்தோஷம் அண்ணே. எனக்கு அம்பதோட சாகுற பேட்டரி வேணும்.

— ஏன்?

— வெளிய யாருக்கும் சொல்லிடக் கூடாது.

— கடையில ஈயத் தவிர யாரு இருக்கா? சொல்லு.

— பொண்ணு முனிஸா என் சிநேகிதி. போன வாரம் செர்ரி பறிக்க ஏறி, ஏணியோட விழுந்துட்டா. முதுகுல அடி. குனியவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். சலாம் லிஸ்ட்டுல இருநூத்திப் பதினாலு பேரு.

— மாப்பிள்ளை வீட்டுல சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லலாம். முதுகு போனவள எங்க தலையில கட்டிட்டாங்கன்னு, அவ ஊத்துற ஒவ்வொரு டீக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

— சரி, பேட்டரி செத்தா சலாம் நின்னுடுமா?

— போன மாசம் எங்க தெருவுல ஒரு சலாம் நடக்கும்போது பாதியில கரண்டு போய் வீடியோகாரன் விளக்கு அணைஞ்சுடுச்சு. படம் விழாத சலாம் யாருக்கு வேணும்? மீதிப் பேருக்கு மொத்தமா ஒரே சலாம் போடச் சொல்லிட்டு பிலாவ் சோறு சாப்பிடப் போயிட்டாங்க.

— போன்ல எடுப்பாங்களே.

— திராட்சைப் பந்தல் அண்ணே. பின்னாடி வெயிலு, முன்னாடி நிழலு. ஃபிளாஷ் இல்லன்னா ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது.

— அப்ப ஃபிளாஷ் கெட்டுப்போச்சுன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயேன்.

— மாப்பிள்ளையோட தம்பி பக்கத்துலயே நிப்பான். போன் ரிப்பேர் பாக்குறவன், கழட்டிப் பாத்துடுவான். நெசமாவே சாகணும்.

— எங்க, அந்த லிஸ்ட்டக் குடு.

— எதுக்கு?

— கிழடுங்க எல்லாம் முன்னாடி இருக்கா பாப்போம். இருந்தா சண்ட கம்மி.

— இந்தாங்க... என்ன அண்ணே, டீ ஆறுது.

— அறுபத்தஞ்சு தாங்க மாட்டாளா?

— அதென்ன அறுபத்தஞ்சு?

— சும்மா கேட்டேன்.

— அம்பதே பல்லக் கடிச்சுக்கிட்டுதான். நேத்து செருப்பு மாட்டக் குனிஞ்சா, அழுதுட்டா.

— ம். மேல் தட்டுல பழசு ஒண்ணு கிடக்கு, எடு. இருநூறு தடவ மின்னும், அதுக்கு மேல மூச்சு இல்ல. இங்கயே உக்காந்து நூத்தம்பது தடவ அடிச்சு இறக்கிடுவோம். நடுநடுவுல ஆற விடணும். நீ எண்ணு.

— அன்னிக்கு அம்பதத் தாண்டி மின்னிட்டே இருந்துச்சுன்னா?

— ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கும். அறுபத்து மூணு வரைக்கும் வராது.

— மறுபடியும் என்னமோ ஒரு கணக்குச் சொல்றீங்க!

— லிஸ்ட்டப் பாரு. அறுபத்து மூணு, ஹாமித்ஜான். அது நான்தான். அன்னிக்கு உன்ன எல்லாரையும் விட அதிகமாத் திட்டப்போறது நான்தான், தப்பா எடுத்துக்காத.