நூலகப் பாடவேளை யாருடையது?

இன்று காலை கண் விழித்ததும் நான் செய்த முதல் வேலை, பல்லைக்கூடத் துலக்காமல் கண்ணாடி முன்னால் நின்று உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னதுதான்.

இந்த விழாவுக்குத் தலைமையேற்று, எத்தனையோ கோப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே! இந்தப் பள்ளியை இன்னொரு வீடாக, சில மாதங்களில் ஒரே வீடாக நினைத்து நடத்தும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்று, கையில் ஒன்று, கண்பார்வையில் ஒன்று என்று பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! அவர்களுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துச் சுவரோரம் நிற்கும் தந்தைமார்களே! ஒரே மின்விசிறியின் கீழ் என்னோடு வியர்வையைப் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியத் தோழமைகளே!

இப்படியே போய்க்கொண்டிருந்தேன். என் மகள் போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்: "அம்மா, நீ வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாற்காலியெல்லாம் வண்டியில ஏத்திடுவாங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் வணக்கத்தை நீட்டிக்கொண்டே போனதற்குக் காரணம், வணக்கத்துக்கு அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை. மேடை ஏறுகிறவர் தெளிவோடு ஏற வேண்டும் என்பார்கள். நான் குழப்பத்தோடு ஏறியிருக்கிறேன். அந்தக் குழப்பத்தை உங்கள் முன் பிரித்து வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என்ன குழப்பம்? இந்தப் பள்ளி நூலகத்தில் நடக்கும் கூட்டுப் பாடம் உங்களுக்குத் தெரியும். நூலகப் பாடவேளையில் நூலகரான நானும் ஆசிரியரும் சேர்ந்து நின்று பாடம் நடத்துவோம். தேவைப்பட்டால் தெருவில் இருந்து ஒருவரையும் அழைத்து வருவோம். இது நல்ல திட்டம் என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது. வரும் கல்வியாண்டிலிருந்து, அதிகாரி அவர்களின் பொறுப்பில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் நூலகப் பாடவேளையில் ஆசிரியர் கட்டாயம் உடனிருக்க வேண்டும் என்ற ஆணை வரப்போகிறது. அதை இன்று இந்த மேடையில் அறிவிக்க வேண்டியவள் நான். அறிவித்தால், எல்லாப் பள்ளிகளுக்கும் பயிற்சி தரும் பொறுப்பு எனக்கு வரும். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் எனக்கு, அது நிரந்தர வேலை.

கை தட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

நூலகப் பாடவேளை என்றால் முன்பு என்ன தெரியுமா? ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார். வாசல் வரைக்கும்தான். "மேடம், கொஞ்சம் பார்த்துக்கங்க" என்பார். நான் தலையாட்டி முடிப்பதற்குள் அவர் முதுகு வராந்தா திரும்பியிருக்கும். யாராவது விடுப்பா? அந்த வகுப்பும் நூலகத்துக்கு. யாருக்காவது தலைவலியா? அந்த வகுப்பும் நூலகத்துக்கு. நான் நூலகரா, சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற ஆளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் உள்ளே என்ன நடந்தது என்று கேட்பார் உண்டா?

அப்போது மாற்றம் அறிவியல் ஆசிரியர் வடிவில் வந்தது. அவர் உயரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் விளக்குக் கம்பம். அவருக்கும் அது தெரியும். இதோ, குனிந்து சிரிக்கிறார். நூலகத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் அவர். வாருங்கள் சார், சேர்ந்து ஒரு பாடம் எடுக்கலாம் என்று நான் கேட்டபோதெல்லாம், வேலை இருக்கிறது மேடம் என்று நழுவியவர். ஒருநாள் அவரே வந்து நின்றார்.

வகுப்பில் நீர்ச் சுழற்சி நடத்தியிருக்கிறார். கடல் மேகமாகி, மேகம் மழையாகி, மழை ஆறாகி வந்த அழகையெல்லாம் கேட்ட ஒரு சிறுமி எழுந்து கேட்டிருக்கிறாள்: "அதெல்லாம் சரி சார், எங்க தெருவுக்கு மட்டும் ஏன் மத்தியானம்தான் தண்ணி வருது?"

இதற்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அலமாரி அலமாரியாகத் தேடினேன். "புத்தகம் இல்ல சார்," என்றேன், "ஆள் இருக்கார்."

நம் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் குழாய் அண்ணனை அழைத்தோம். அவர் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னது இதுதான்: "உண்மையச் சொல்லணும்னா, எனக்கும் தெரியாதுங்க. திறக்கச் சொன்னா திறப்பேன், மூடச் சொன்னா மூடுவேன்."

அந்தப் பக்கம் பலமாகக் கை தட்டுகிறவர் அவர்தான். தனக்குத் தானே தட்டிக்கொள்கிறார், தட்டட்டும்!

ஆசிரியருக்குத் தெரியவில்லை. நூலகருக்குத் தெரியவில்லை. தண்ணீர் திறப்பவருக்கே தெரியவில்லை. இதைவிட நல்ல தொடக்கம் ஒரு பாடத்துக்கு உண்டா? மேசைகளை ஒதுக்கினோம். நூலகத் தரையில் சுண்ணக்கட்டியால் தெருக்களை வரைந்தோம். அவரவர் வீட்டின் மேல் அவரவர் நின்று, எப்போது தண்ணீர் வருகிறது என்று எழுதினார்கள். வாசலில் காத்திருந்த தாய்மார்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். பிறகு திருத்தவே ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் அம்மா, அவன் எழுதினதை நம்பாதீங்க, அவன் தூங்கி எழற நேரத்தத் தண்ணி வர்ற நேரம்னு எழுதியிருக்கான் என்று மகனின் மானத்தை வாங்கினார். நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், கடைசியில் எல்லோர் கண்ணும் தண்ணீர் தாமதமாகத் தொடங்கும் ஒரே இடத்தில் போய் நின்றது. அங்கே ஒரு வால்வு, சாலை போட்டபோது தாருக்குள் புதைந்து, பாதி மூடியபடி கிடந்திருக்கிறது. குழாய் அண்ணன் ஆள் வைத்துத் தோண்டினார். அந்தத் தெருவுக்கு இப்போது காலையிலேயே தண்ணீர் வருகிறது.

அன்று நான் வானத்தில் நடந்தேன், தோழர்களே! படிப்பும் பகுதியும் கைகோத்தன. ஏடும் வீடும் எதிரெதிரே உட்கார்ந்து பேசின. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் விளக்குக் கம்பத்தின் தலை மட்டும் வரவில்லை.

அடுத்த வாரம் ஆசிரியர் அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இனி எல்லா ஆசிரியர்களும் நூலகப் பாடவேளையில் நூலகத்தில் இருந்து கூட்டுப் பாடம் நடத்த வேண்டும். தலைமையாசிரியை ஆசையோடு செய்த காரியம் அது. அதைப் படித்துப் படித்து மகிழ்ந்தவள் நான். அங்கிருந்துதான் என் குழப்பம் தொடங்குகிறது.

எங்கள் கணித ஆசிரியையை உங்களுக்குத் தெரியும். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுங்க. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன்.

அவருடைய அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. கண்ணில் படும் தாளையெல்லாம் கிழித்துவிடுவார். அதனால் பிள்ளைகளின் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. எங்கே திருத்துவார்? பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவாரே, அந்த நூலகப் பாடவேளையில் திருத்துவார். அவர் முதுகு வராந்தா திரும்புவதைப் பார்த்து நான் முகம் சுளித்தேனே, அந்த முதுகு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாடவேளை பறிபோனதும், பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா தன் நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்படி ஒரு மாலை, அந்தப் பெரியவர் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு, மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வர வேண்டும் என்றாராம்.

ஆம், தாய்மார்களே. அந்த மகள் அப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்.

மறுநாள் கணித ஆசிரியை நூலகத்துக்கு வந்தார். எப்போதும் என்னை அக்கா என்பவர், அன்று மேடம் என்றார்.

"உங்க திட்டம் நல்ல திட்டம்தான் மேடம். அதுக்கு வேண்டிய நேரத்த யார்கிட்டருந்து எடுத்தீங்கன்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க எப்ப என்னைக் கேட்டீங்க? சுவத்துல ஒட்டியிருந்தது. சுவத்துகிட்ட எப்படி மேடம் முடியாதுன்னு சொல்றது?"

அதோடு அவர் போயிருந்தால் எனக்குக் குழப்பமே இல்லை. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு முடித்திருப்பேன். அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். அவருடைய கூட்டுப் பாடத்துக்கு நம் தெருத் தையல்காரம்மா வந்தாரே, துணியை மடித்து மடித்து வெட்டிக் காட்டினாரே, பின்னம் என்றாலே பெஞ்சுக்கு அடியில் ஒளிகிற பிள்ளைகளெல்லாம் அரையும் காலும் அரைக்காலும் சொன்னார்களே, அப்படி ஒரு வகுப்பை வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தான் எடுத்ததில்லை என்றார். "அதனாலதான் எனக்குக் கோவம் யார் மேலன்னே புரியல" என்றார்.

சொல்லுங்கள், சபையோரே! எது உண்மை? அந்த வகுப்பு உண்மை இல்லையா? அந்தப் பேருந்து நிலையம் உண்மை இல்லையா? தண்ணீர் வந்தது உண்மை இல்லையா? தந்தை தொலைந்தது உண்மை இல்லையா? ஓர் உண்மையைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மற்றதைத் தூக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. முடித்துவிடுகிறேன் ஐயா.

யோசித்து யோசித்து எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. விளக்குக் கம்பம் பலமுறை முடியாது என்றார். பிறகு அவராக வந்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு இடம் இருந்தது, அதனால் வந்தபோது முழுதாக வந்தார். குழாய் அண்ணனுக்கு முடியாது என்று சொல்ல இடம் இருந்தது. தையல்காரம்மாவுக்கு இருந்தது. கணித ஆசிரியைக்கு மட்டும் நாங்கள் அந்த இடத்தை விடவில்லை. மறுக்க முடியாதவரோடு சேர்ந்து நிற்பதற்குக் கூட்டு என்று பெயரா? கையைப் பிடிப்பதும் கைகோப்பதும் ஒன்றா? ஒரு சுவருக்கே இந்த நிலை என்றால், நாளை எத்தனை பள்ளிகள், எத்தனை சுவர்கள்? அந்தச் சுவர்களுக்குப் பின்னால் நமக்குத் தெரியாத எத்தனை வீடுகள்?

அதிகாரி அவர்களே, நீங்கள் நல்லதை நினைத்துத்தான் வந்திருக்கிறீர்கள். தலைமையாசிரியை அவர்களே, நீங்கள் எனக்காகப் பரிந்து பேசியது எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் இருக்கும் என் வீட்டுக்காரர், இனி ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தத்தை நினைத்து வயிற்றில் நெருப்பு வேண்டாம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். இப்போது நான் சொல்லப்போவது உங்கள் மூவருக்குமே புதிது. ஏன், இந்த ஒலிபெருக்கி முன் நிற்கும் வரை எனக்கே புதிது.

அந்த ஆணை வரப்போகிறது என்று சொன்னேனே தவிர, அதை முறைப்படி நான் அறிவிக்கப் போவதில்லை. கட்டாயம் என்ற சொல் அதில் இருக்கும் வரை, அந்தப் பொறுப்பையும் நான் ஏற்கப் போவதில்லை. திங்கட்கிழமை முதல், நூலகப் பாடவேளையில் எந்த ஆசிரியரும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போகலாம். யாரையும் முகம் சுளித்துப் பார்க்க மாட்டேன். உள்ளே வர விரும்புகிறவரை, நான் ஆசிரியர் அறைக்குப் போய், ஒவ்வொருவராக, நேரில் கேட்பேன். வர முடியாது என்றால், சரி என்று சொல்லிவிட்டு வருவேன். இது சரிதானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஒப்பந்தம் என்னவாகும் என்றும் தெரியாது. ஆனால் செய்யப்போகிறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், நடுவே எழுந்து போகாமல் இருந்த என் வீட்டுக்காரருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போய் வருகிறேன்.