மாப்பிள்ளையின் எண்ணை நீக்கியது குறித்து

எனது பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் சொன்னபடியே. வயது முப்பத்தெட்டு. மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில் உள்ள ஐஸ் தொழிற்சாலையில் அலுவலகப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். மேற்படி தொழிற்சாலையின் முதலாளி என் அம்மாவுடைய கூடப்பிறந்த அண்ணன். வீட்டில் மாமா என்றும் வேலையிடத்தில் சார் என்றும் கூப்பிடுவேன். அவர் என் மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. தொழிற்சாலையின் கண்காணிப்புக் கணக்கில் நான் அனுமதியில்லாமல் மாற்றம் செய்ததாகவும், அதனால் வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்து சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகவும் புகார். அது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீரை உறைய வைக்க அம்மோனியா பயன்படுகிறது. அது கசிந்தால் கண்ணும் நெஞ்சும் எரியும். மூடிய அறையில் மாட்டிக்கொண்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். முன்பு கசிவு ஏற்பட்டால் வாசலில் ஒரு சங்கு ஊதும். அது பழுதான பிறகு சரி செய்யவில்லை. அதற்குப் பதிலாக இணையம் வழியாகக் கண்காணிக்கும் ஒரு சேவையில் சந்தா கட்டிச் சேர்ந்தோம். மீன் வைக்கும் குளிர் அறைகளில் வெப்பநிலை சென்சார்களும் கம்ப்ரசர் அறையில் வாயு சென்சாரும் பொருத்தப்பட்டன. அவை எடுக்கும் அளவுகள் எங்கோ இருக்கும் அந்தச் சேவையின் கணினிக்குப் போகும். அளவு எல்லை தாண்டினால் அங்கிருந்து எங்கள் கைபேசிக்கு மணி அடிக்கும். கணக்கைத் திறந்த அன்றே மாமா கடவுச்சொல்லை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். "எனக்கு இதுல தலையும் புரியல வாலும் புரியல, நீயே பாத்துக்கோ" என்றார். ஆகவே அனுமதியில்லாமல் என்பது சரியல்ல.

எங்கள் சந்தாவில் எச்சரிக்கை பெற மூன்று பேரைத்தான் சேர்க்க முடியும். மாமா தன் எண்ணையும், என் எண்ணையும், வெளியூரில் இருக்கும் தன் மாப்பிள்ளையின் எண்ணையும் சேர்க்கச் சொன்னார். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை தொழிற்சாலைக்கு வந்தார். அன்றும் வெள்ளைச் செருப்பு போட்டிருந்ததால் அலுவலக அறையைத் தாண்டி வரவில்லை. நான், "இங்க இருக்கற யாரையாவது போடலாமே சார்" என்றேன். மாமா, "மாப்பிள்ளை பேர் இல்லேன்னா அவர் மனசுல என்ன நினைப்பார்? உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். மாப்பிள்ளையின் எண்ணையும் சேர்த்துவிட்டேன்.

கம்ப்ரசர் அறையில் வேலை செய்யும் மெக்கானிக்கை எல்லாரும் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நிற்க மாட்டார். அவருக்கு உதவியாக இருந்தவரை நிறுத்திய பிறகு அந்த அறையில் அவர் தனியாகத்தான் வேலை செய்தார். அவருடைய மனைவி தொழிற்சாலைக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருக்கிறார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

வருடத்துக்கு ஒரு தடவை வாயு சென்சாரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சேவையிலிருந்து சொல்லியிருந்தார்கள். அதன்படி பம்பரம் அண்ணன் பஞ்சில் கொஞ்சம் அம்மோனியா நனைத்து சென்சாருக்குப் பக்கத்தில் காட்டினார். என் கைபேசி அடித்தது. மாமாவின் கைபேசி டிரைவரிடம் இருந்தது. டிரைவர் அதை விளம்பர அழைப்பு என்று நினைத்துக் கட் செய்துவிட்டார். மாப்பிள்ளை மறுநாள் கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பினார். பம்பரம் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்லம்மா, நான் செத்தா ஒரு விரலாவது வரும்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு ஒரு மாதத்தின் நடுவில் சேவையிலிருந்து செய்தி வந்தது. எங்கள் சந்தாவில் சென்சார்கள் ஒரு மாதத்துக்கு இத்தனை தடவைதான் அளவு அனுப்பலாம், அதில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது, முழுவதும் தீர்ந்தால் மாதம் முடியும் வரை எந்த சென்சாரும் வேலை செய்யாது என்று எழுதியிருந்தார்கள். மாமாவிடம் சொன்னேன். பெரிய சந்தாவுக்கு மாறலாம் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காஸ் சென்சார நிறுத்திடு. அது எப்பப் பாத்தாலும் பூஜ்யந்தான காட்டுது? ரூம் டெம்பரேச்சர்ல கை வெக்காத, மீன் வாங்கற பார்ட்டி அதத்தான் பாக்கறான்" என்றார். பூஜ்யம் காட்டுவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் அதற்குள் வேறொருவரிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

நான் கணக்கின் அமைப்புகளுக்குள் போய், குளிர் அறைகளின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டிருந்ததைக் கால் மணிக்கு ஒரு முறை என்று மாற்றினேன். அதில் நிறைய மிச்சமானது. வாயு சென்சாரை நிறுத்தவில்லை. பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து எச்சரிக்கை பெறுபவர்களின் பக்கத்தைத் திறந்து, மாப்பிள்ளையின் எண்ணை நீக்கிவிட்டு அக்காவின் எண்ணைச் சேர்த்தேன். அதன் பிறகு தையல் கடைக்குப் போய் அக்காவிடம் விவரம் சொன்னேன். அவர் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். "அடிச்சா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார். உள்ளே போகக் கூடாது, தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டு வாசலில் நின்று உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிட வேண்டும் என்றேன். சரி என்றார்.

சம்பவ நாளன்று மத்தியானம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். கைபேசி அதற்குள் இருந்தது. மாமா ஐஸ் தொழிற்சாலை முதலாளிகளின் சங்கக் கூட்டத்தில் இருந்தார். நான் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது எச்சரிக்கைகள் வரிசையாக வந்திருந்தன. மாமாவுக்குப் போன் செய்தேன், டிரைவர் எடுத்தார். வாயில் பஞ்சு இருந்ததால் நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. உடனே ஆட்டோ பிடித்துப் போனேன்.

அதற்கு முன் நடந்தது அக்காவும், ஐஸ் ஏற்றும் ஆட்களும் எனக்குச் சொன்னது. கைபேசி அடித்ததும் அக்கா முதலில் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு, பிறகு கணவருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் எடுக்கவில்லை. துணி தேய்த்துக்கொண்டிருந்த கரி இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தபடியே தெருவைத் தாண்டி ஓடியிருக்கிறார். கம்ப்ரசர் அறைக் கதவு உள்ளே ஏதோ சிக்கித் திறக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியால் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்திருக்கிறார். ஏற்றும் ஆட்கள் சத்தம் கேட்டு வந்து, ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு கதவைப் பெயர்த்தார்கள். கதவுக்குப் பின்னால் சிக்கியிருந்தது பம்பரம் அண்ணனின் கால்தான். அவரைத் தூக்கி வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு காலில் செருப்பில்லாமல் அதில் ஏறினார். இஸ்திரிப் பெட்டி தரையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது. அதை எடுத்துக் கடையில் வைத்தேன்.

பம்பரம் அண்ணன் பிழைத்துக்கொண்டார். இடது கண்ணில் பார்வை இல்லை. பேச்சு காற்றாக வருகிறது. இன்னும் சில நிமிடம் ஆகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அதன் பிறகு விசாரணைக்கு வந்த அதிகாரிகள் எச்சரிக்கை யார் யாருக்குப் போனது என்று மாமாவைக் கேட்டார்கள். மாப்பிள்ளையின் எண் இல்லாதது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று மாலையே மாப்பிள்ளை போன் செய்து, தன்னை யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று சத்தம் போட்டதாக அத்தை சொன்னார். மறுநாள் மாமா என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "மாப்பிள்ளை நம்பர பழைய தேதியிலேயே திரும்பப் போட்டுடு. அந்தப் பொம்பள நம்பர எடுத்துடு. மாப்பிள்ளைக்கு ஏன் அடிக்கலன்னு கேட்டா, காஸ் சென்சார அவனே ஆஃப் பண்ணிட்டான்னு சொல்லிக்கலாம்" என்றார். அவன் என்று அவர் சொன்னது பம்பரம் அண்ணனை.

நான், "பழைய தேதியெல்லாம் அதுல போட முடியாது" என்றேன்.

"முடியாதா, மாட்டியா?"

"முடிஞ்சாலும் மாட்டேன் மாமா."

வேலையிடத்தில் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து கதவைத் திறந்தார். பிறகு கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதி வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு இந்தப் புகார் கொடுக்கப்பட்டது.

நேற்று அக்கா மருத்துவமனையில் என்னிடம், இப்போதெல்லாம் கைபேசி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவதாகச் சொன்னார். ஜன்னல் கண்ணாடிக்காகத் தன்னையும் விசாரிப்பார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் செய்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று என்னுடன் அம்மாவும் வந்திருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வரும் வழியில், "தெரியாம கை பட்டுடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, அண்ணன் புகார வாபஸ் வாங்கிடறேன்னு சொல்லியிருக்கு. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பொறந்த வீடுதான்" என்றார். தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. எண்ணை மாற்றியது பற்றிய வரியில் "தவறுதலாக" என்ற சொல் கூடுதலாக இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அந்தச் சொல் அடிக்கப்பட்டு, "தெரிந்தே" என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் பக்கத்தில் சிறு கையெழுத்தும், கீழே முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)