மேற்பிரிவுப் பீலியின் பூட்டு

எனக்குத் தேநீரில் சீனி போடாதீர்கள், மகள். டொக்டர் தடுத்திருக்கிறார்.

ஓய்வுபெறும் பேராசிரியருக்கு மலர் வெளியிடுவது எங்கள் துறையின் வழக்கம். அதற்காக என் ஆய்வு ஈடுபாடுகளைக் கேட்டு எழுத வந்திருக்கிறீர்கள், அனீஸா. பஸ் பிடித்துக் குண்டசாலை வரை வந்த பிள்ளையை வெறும் பட்டங்களையும் பதவிகளையும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

என் ஈடுபாடு ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் நோஞ்சானாகவே இருக்கின்றன? நான் ஹந்தானையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், கலாநிதிப் பட்டத்துக்காகப் பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்தைத் தெரிவுசெய்தேன். அதில் இரண்டு பிரிவுகள். மேற்பிரிவுக்கு அப்போதுதான் நல்ல தண்ணீர்க் குழாய் வந்திருந்தது. பீலி என்பார்கள். கீழ்ப்பிரிவு ஓடைத் தண்ணீரையே குடித்தது. ஒரே வேலை, ஒரே சாப்பாடு, தண்ணீர் மட்டும் வேறு. ஒரு பொருளியலாளனுக்கு இப்படி வாய்ப்பது லேசில்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளையும் மாதாமாதம் நிறுத்துப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் கீழ்ப்பிரிவுப் பெண்கள் குடத்தோடு மேலே ஏறத் தொடங்கினார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரும் ஒரே தண்ணீரைக் குடித்தால் நான் எதை எதோடு ஒப்பிடுவது? தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் பேசினேன். பீலியைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. அதன் கதவுக்குப் பூட்டை, கண்டியில் நளீர் கடையில் நானே பார்த்து வாங்கினேன். சாவியை மேற்பிரிவுக் கங்காணி கறுப்பையாவிடம் கொடுத்தேன்.

கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிக்கும் பாலம்மா என்னைத் தேடி வந்தாள்.

“சின்னதுக்கு வயித்தால போகுது சேர். ஒரே ஒரு கொடம் எடுத்துக்கிறேன். நீங்களும் லயத்துப் புள்ளதானே.”

“கொஞ்ச நாள் பொறுங்க. இந்த ஆய்வு முடிஞ்சா ஒங்களுக்கும் பீலி வரும்,” என்றேன்.

நம்பிவிட்டாள். படித்தவன் சொன்னால் நம்புகிற சனம்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே பிள்ளை செத்துப்போனது. நானும் சவத்துக்குப் பின்னால் நடந்தேன், குழிமேட்டில் மண் போட்டேன். திரும்பும் வழியில் பாலம்மா, மற்றப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “இப்ப எடுத்துக்கலாமா சேர்?”

கடைசி நிறுவை மட்டும் மிச்சமிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் என்றேன்.

கட்டுரை வெளிவந்தது. இரு பிரிவுக்குமான வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்டித்தான் பல தோட்டங்களுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கினோம். கீழ்ப்பிரிவுக்கும் பீலி வந்தது. அதற்குள் பாலம்மாவின் இடுப்பில் பிள்ளை இல்லை.

குற்றவுணர்ச்சி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. உண்டு. குழாயைத் திறக்கும்போதெல்லாம் பாலம்மா கேட்ட அந்த ஒரு குடம் ஞாபகம் வருகிறது. ஓடையின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது நான்தான்.

இதையெல்லாம் மலரில் போடுங்கள், மகள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். செத்துப்போனார்கள் என்பதற்காக அந்த இரண்டு பிள்ளைகளையும் என் ஆய்வுக் கணக்கிலிருந்து நான் நீக்கவில்லை. அந்த நேர்மை என்னிடம் எப்போதும் இருந்தது.