ஆறாவது வேலி

— பத்து வருஷத்துக்கா?

— பத்து வருஷத்துக்கு. மாசச் சம்பளம், மழைக்கோட்டு, டார்ச் எல்லாம் உண்டு. அதாவது, நாளைக்கு நிலக் கமிட்டி கூட்டத்துல என் அறிக்கைய ஏத்துக்கிட்டாங்கன்னா மொத்தப் புல்வெளியையும் சுத்தி வேலி வரும். காவலுக்கு முதல் பேரா உங்க பேரத்தான் எழுதியிருக்கேன். அந்த ஸ்டூல்ல உட்காராதீங்கக்கா, ஒரு கால் ஆடும். கட்டில்ல இருக்கிற மண்ணுப் பைய ஒதுக்கிட்டு உட்காருங்க.

— மனுசன் படுக்கிற கட்டில்லயும் மண்ணா? அடுப்புல என்ன தம்பி வேகுது?

— அதுவும் மண்ணுதான். காய வெச்சு எடை போடணும்.

— சும்மா சொல்லக்கூடாது, உங்களுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைன்னு இப்பத்தான் புரியுது.

— சிரிங்க, சிரிங்க. மூணு வருஷமா மாடு மேயாட்டி புல்லு எப்படி வருதுன்னு பாக்க நான் அடைச்ச ஆறு வேலியையும் கண்ணுல வெச்சுப் பாத்தீங்க. அதுக்கு நான் என்ன செஞ்சாலும் தகும்.

— நீங்க செஞ்சது கொஞ்சமா? முட்டி போயி, மாட்டுக்குப் பின்னாடி நடக்க முடியாம வாசல்ல குந்தியிருந்தேன். வீடு தேடி வந்து காவலுக்குக் கூப்பிட்டீங்க. என் கூடப்பொறந்தவன்கூட எட்டிப் பாக்கல. அத நான் மறந்தா எனக்குச் சோறு செரிக்காது. ஆமா, மொத்தத்தையும் சுத்தி வேலின்னா, மாடுங்க?

— உள்ள விட மாட்டாங்க.

— நாப்பது வீட்டு மாடு இருக்கு தம்பி.

— தெரியும்க்கா. எனக்கும் மனசு கேக்கல. ஆனா புல்லு என்ன சொல்லுதோ அதத்தானே எழுத முடியும்?

— அப்படி என்னதான் சொல்லுது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.

— அதாவது, ஒரு இரும்பு வளையத்த மண்ணுல பாதி இறக்கி ஒரு குடம் தண்ணி ஊத்துவேன்ல, கைக்கடிகாரத்தப் பாத்துக்கிட்டு?

— பாத்திருக்கேன். வெயில்ல மண்டை காஞ்சிடுச்சோன்னு நெனச்சிருக்கேன்.

— வேலிக்கு வெளிய, மாடு வருஷம் பூரா மேயிற இடத்துல, அந்தத் தண்ணி இறங்க நாப்பது நிமிஷம். வேலிக்குள்ள ஏழு நிமிஷம். வேர் உங்க முழங்கை நீளம் போயிருக்கு. மழைத் தண்ணி அப்படி உள்ள இறங்கினாத்தான் கீழ இருக்கிற கிணறெல்லாம் கோடையில நிக்கும். வெளிய அடிக்கிற மழை மண்ணையும் வாரிக்கிட்டு ஓடையில போயிடுது. மாட்ட நிறுத்தினா புல்வெளி பொழைக்கும், அவ்வளவுதான் என் அறிக்கை.

— ஆறு வேலியும் அப்படியா?

— அஞ்சு. ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கே, ஆறாவது, அது ஒண்ணுதான் உதவாக்கரை. பழைய புல்லு அப்படியே காஞ்சு சாஞ்சு கெடக்கு, அடியில புதுசா முளைக்க வெளிச்சம் இல்ல. முள்ளுச்செடி வேற. மண்ணுக் கோளாறுன்னு ஒரு வரி எழுதி ஒதுக்கிட்டேன்.

— இந்த அறிக்கைய இன்னும் குடுக்கலையே?

— நாளைக்குக் காலையில.

— தம்பி, நான் ஒண்ணு சொல்லுவேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக்கூடாது. மகாராணிய நீங்க பாத்திருக்கீங்கள்ல?

— அந்த நொண்டிப் பசுதானே?

— மத்த மாடெல்லாம் கொழுந்தனார் ஓட்டிக்கிட்டுப் போயிடுவாரு. இது மந்தையோட நடக்காது. நாள் பூரா வேலியோரம் என்கூடவே நின்னு, உள்ள இருக்கிற புல்லப் பாத்துக் கத்தும். வாயில்லா ஜீவன் தம்பி. மொத வருஷம் மழை முடிஞ்சு எனக்குப் பொறுக்கல. கம்பிய அவுத்து முதல் வேலிக்குள்ள விட்டேன். ஒம்பது நாள், பத்து நாள். புல்லு கணுக்கால் அளவுக்குக் குறைஞ்சதும் அடுத்த வேலி. மேஞ்ச இடத்துக்கு மறுபடி மூணு மாசத்துக்குத் திரும்ப மாட்டேன்.

— அஞ்சு வேலியிலயும் விட்டீங்களா?

— அஞ்சுலயும்தான். ஆறாவதுக்கு ஓடையில இறங்கி ஏறணும், அதுக்குக் கால் வராது. அதனால அது ஒண்ணுதான் நீங்க சொன்ன மாதிரி மூணு வருஷமா பூட்டியே கெடக்கு.

— சாணி?

— நீங்க வர்ற தேதிக்குள்ள புல்லு மறுபடி தழைச்சிடும், எடமும் சுத்தமா இருக்கணும்ல? ஈரமா கெடந்தது மண்ணுல போயிடும். மேல தெரியிறத மட்டும் கூடையில அள்ளிடுவேன்.

— அடக் கடவுளே. மாடே இல்லாத இடத்துல சாணி வண்டு எப்படி வந்துச்சுன்னு ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். வெளியிலேர்ந்து பறந்து வந்திருக்கும்னு எழுதி வெச்சிருக்கேன்க்கா. நாப்பத்தி மூணாம் பக்கம்.

— திட்டுங்க தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க.

— மாட்ட விடாம இருக்கத்தானே வேலியே போட்டது? அதுக்குத்தானே காவல்? மூணு வருஷம். நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?

— தப்புதான். மத்தவங்க மாடு ஒண்ணு உள்ள போக விட்டதில்ல. என் மாட்டுக்குத்தான் என்னால இல்லைன்னு சொல்ல முடியல.

— கொஞ்சம் இருங்க. பேசாதீங்க. எனக்கு ஒண்ணு ஓடுது.

— அடுப்ப அணைக்கட்டுமா? கருகுற வாடை வருது.

— கருகட்டும். வெளிய வருஷம் பூரா மேய்ச்சல், அது கெட்டுப்போச்சு. ஆறாவது சுத்தமா மூடினது, அதுவும் கெட்டுப்போச்சு. மாத்தி மாத்தி மேஞ்சு, ஆற விட்ட அஞ்சு மட்டும் தழைச்சு நிக்குது. மண்ணுக் கோளாறே இல்லக்கா. நான் தூக்கிப் போட்ட வேலிதான் ஒழுங்கான வேலி. எந்த வேலியில எப்ப விட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— ஞாபகம் எதுக்கு? அந்தந்த வேலியோட கல் கம்பத்துல கரிக்கோடு போட்டிருக்கேன். ஒரு நாளைக்கு ஒரு கோடு.

— அது நீங்களா? ஏதோ பசங்க கிறுக்குனதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவ வர்றப்பவும் கம்பம் தெரியிற மாதிரித்தான் போட்டோ எடுப்பேன். எல்லாம் தேதியோட இருக்கு. அக்கா, இந்தக் கால நீட்டுங்க, தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்.

— சீ, எழுந்திருங்க. பெரிய படிப்பு படிச்ச மனுசன்.

— இல்லக்கா, நெஜமாவே சொல்றேன். பொய்ய நெஜம்னு நம்பி நாப்பது வீட்டு மாட்டையும் வெளிய தள்ளி, கடைசியில மொத்தப் புல்வெளியையும் அந்த ஆறாவது வேலி மாதிரி ஆக்கியிருப்பேன். என்னைக் காப்பாத்திட்டீங்க. ராவோட ராவா மாத்தி எழுதணும். மூட வேண்டாம், பங்கு பிரிச்சு மாத்தி மாத்தி மேய்க்கணும்னு.

— அப்போ வேலி வராது.

— வராது.

— வேலி இல்லைன்னா காவலும் இல்ல.

— ஆமாக்கா. அத நான் யோசிக்கவே இல்ல. மூணு வருஷக் காவலும் இந்த மாசத்தோட முடியுது. வேற ஏதாவது கேட்டுப் பாக்கிறேன். ஆனா ஒண்ணு, உங்க மாடுங்களுக்கு மேய்ச்சல் போயிடுமேன்னுதானே இந்த உண்மைய என்கிட்ட சொன்னீங்க? அது இனிமே எங்கயும் போகாது. மகாராணி ராஜாங்கமா மேயலாம்.

— என் மாடா? முட்டி மடங்காம கறக்கக்கூட குந்த முடியலைன்னு எல்லாத்தையும் போன மாசமே ஆளாளுக்குக் குடுத்தாச்சு தம்பி, மகாராணி உட்பட. என் கையில மிச்சம் இருந்தது இந்தக் காவல் வேலை ஒண்ணுதான், இருபது வருஷம் என் மாட்டுக்குச் சோறு போட்ட புல்லுக்கு அதையாவது குடுத்துட்டுப் போறேன்.