சுய்-சாங் எந்தக் கரையில் பிறந்தான்

ஹாங்காங், ஷாவ் கீ வான் படகுத்துறைக் காவல் நிலையத்தில், 1888ஆம் வருடம், லாய் தாய்-ஹோ, வயது முப்பத்தொன்று, விதவை, மேற்படி துறையில் கட்டியுள்ள படகில் வசிப்பவள், கருவாடு போடும் தொழில், துபாஷி மூலம் சொன்னது:

இறந்துபோன லாய் சுய்-சாங் என் கூடப்பிறந்த தம்பி. சென்ற மாதம் அவனையும் பக்கத்துப் படகுக்காரன் கோக் அ-கானையும் போலீசார் பிடித்தார்கள். எதிர்க்கரையில், சீன எல்லைக்குள், உப்பு வரிக் காவலன் ஒருவனைக் கொன்றதாக அங்குள்ள கவுலூன் கோட்டைச் சீன அதிகாரி இருவரையும் ஒப்படைக்கக் கேட்டிருந்தார். அன்று இருவரும் அங்கே கருவாடு விற்கப் போனது உண்மை. மற்றது எனக்குத் தெரியாது.

கோர்ட்டில் நீதிபதி, இந்தத் தீவில் பிறந்தவன் மகாராணியின் பிரஜை, அவனை ஒப்படைக்க முடியாது, மற்றவர்களை ஒப்படைக்கலாம் என்றார். தம்பி இதே துறையில் எங்கள் படகில் பிறந்தவன், அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்ததே நான்தான் என்று சொன்னேன். கோர்ட் துபாஷி, "படகுல பொறந்ததுக்கு ஏதும்மா ஊரு? மீனைப் பிடிச்சு வெச்சு நீ எந்தூருன்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அ-கான் கூண்டில் ஏறி, தான் இந்தத் துறையில் பிறந்தவன், சுய்-சாங்தான் எதிர்க்கரையில் பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவன் என்று சத்தியம் செய்தான். அ-கானை விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு தம்பியைப் போலீஸ் படகில் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். நான் துடுப்புப் போட்டுப் பின்னாலேயே போனேன். கோட்டையில் அவனைச் சங்கிலிக் குவியல்மேல் முழந்தாளிட வைத்து ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டான். நடக்க முடியாததால் பன்றி தூக்கும் கூடையில் வைத்துக் கடற்கரைக்குத் தூக்கி வந்தார்கள். என்னைப் பார்த்து, "அ-கான் ஏன்க்கா அப்படிச் சொன்னான்?" என்றான். தெரியாது என்றேன். தீவிலிருந்து வெள்ளைக்காரர்கள் சிலர் குடையும் சாப்பாடுமாக வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கோட்டைச் சிப்பாய் ஒருவன் தம்பியின் சடையைப் பிடித்து இழுக்க, இன்னொருவன் தலையை வெட்டினான். உடலைக் கொடுத்தார்கள். தலையையும் கேட்டேன். "அது இங்க தொங்கணும். காக்கா மிச்சம் வெச்சா வந்து வாங்கிக்கோ" என்றான் சிப்பாய்.

அதன் பிறகு நேற்று காலை நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது அ-கான் என் படகில் ஏறி உட்கார்ந்து அழுதான். "அக்கரையில பொறந்தவன் நான்தான்க்கா. ஒருத்தனைக் குடுத்தா கோட்டைக்காரங்க அடங்கிடுவாங்க, அது யாருன்னு நீயே சொல்லுன்னாங்க போலீஸ்காரங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கே" என்றான். நான் கஞ்சியைக் கிளறினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சோறே எறங்கலக்கா. கொஞ்சம் கஞ்சி ஊத்து" என்றான். பானையோடு தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன்.

அதன் பிறகு போலீசார் வந்தார்கள். அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். என்னை அக்கரைக்கு அனுப்பிவிடுங்கள், தம்பியின் தலை அங்கே இருக்கிறது என்றேன். அவர், "நீ இந்தத் துறையிலேயே பொறந்தவ. மகாராணியோட பிரஜையை அங்கெல்லாம் அனுப்ப மாட்டோம், பயப்படாதே" என்றார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. எழுதத் தெரியாததால் கீறல் போட்டிருக்கிறேன்.

லாய் தாய்-ஹோ, அவள் கீறல்: X