பாருக்கு உள்பக்கம் நின்றவன்

முதலில் ஒரு விஷயம். என் பாரில் அளவு குறைந்தது என்று இதுவரை ஒருவரும் கிளாஸைத் திருப்பித் தந்ததில்லை. பத்தொன்பது வருஷம். நுரை இரண்டு விரல் நிற்கும், அதற்கு மேல் நிற்காது. நான் ஒழுங்கான ஆள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன் சார்ஜென்ட், எழுதிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

வரும் வழியில் காரில் கேட்டீர்கள், "அப்படி என்னதான் இருக்கு அந்தக் குடியில?" என்று. நீங்கள் குடிக்காதவர் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. வெறுமனே குடிக்க வேண்டும் என்றால் எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. வெயிலில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு என் பாருக்கு எதற்கு வர வேண்டும்? மெர்வ், செம்மறியாட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறவன். வாசலில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டதும் நான் பீர் குழாயைத் திறந்துவிடுவேன். அவன் வந்து உட்காரும்போது கிளாஸ் முன்னால் இருக்கும். அப்போது அவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஆடுகளோடு மல்லுக்கட்டியவனை யாரோ ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறார். அதற்காகத்தான் வருகிறார்கள். மிச்சத்தை பீர் பார்த்துக்கொள்ளும். முதல் கிளாஸில் தோள் இறங்கும். இரண்டாவதில் பக்கத்திலிருப்பவன் சொல்வதெல்லாம் சிரிப்பாக இருக்கும். மூன்றாவதில் அவன்மேல் பாசமே வந்துவிடும். காத்திருந்தவன் நான் என்பது மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. நன்றி சொல்வதுகூட கிளாஸைப் பார்த்துத்தான்.

எங்கள் பக்கம் அவரவர்க்கு வாங்கிக் குடிக்கிற வழக்கம் இல்லை. நாலு பேர் நின்றால் நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து வாங்க வேண்டும். பெண்டாட்டியை விட்டு ஓடியவனை மன்னிப்பார்கள், தன் முறை வரும்போது கழிப்பறைக்கு நழுவுகிறவனை மன்னிக்க மாட்டார்கள். நான் எந்தச் சுற்றிலும் இருந்ததில்லை. ஊற்றுகிறவனுக்கு யார் வாங்கித் தருவார்கள்? அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

ஏனென்றால் எனக்கு கிளாரி டூலன் இருந்தான். கோதுமை லாரி ஓட்டியவன். மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் பாரில் ஈ காக்கா இருக்காது, அவன் மட்டும் வருவான். ஆறாவது கிளாஸுக்கு மேல் அழுவான். விட்டுப்போன மனைவி, முகம் கொடுத்துப் பேசாத மகள், லாரியில் தனியாகப் போகும்போது வருகிற பயம், எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவான். "உன்ன விட்டா எனக்கு யாருடா இருக்கா ரஸ்?" என்பான். இந்த வாக்கியத்தை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. நான் கிளாஸ் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பதினெட்டு வருஷம் அப்படிப் போயிற்று. எனக்கு அது நல்ல வாழ்க்கை.

மகள் பிரான்வினின் கல்யாணத்தில் அவன் போதையில் கேக் மேஜைமேல் விழுந்தான். பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு வருஷம் முழுசாக ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தால் அடிலெய்டு நகரத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் வந்து இருக்கலாம், பேத்தியைத் தூக்கலாம். தொட்டால் அதோடு சரி, இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது. கிளாரி மறுநாளே நிறுத்திவிட்டான்.

நிறுத்தியவன் பாருக்கு வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவன் வந்தான். மதியம் வரவில்லை, சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது வந்தான். லெமன் ஸ்குவாஷ் கேட்டான். சுற்று வாங்குவதிலும் சேர்ந்துகொண்டான், தன் முறைக்கு எல்லாருக்கும் பீர் வாங்கிவிட்டுத் தனக்கு ஸ்குவாஷ் வாங்கிக்கொண்டான். முதல் வாரம் கிண்டல் செய்தார்கள். இரண்டாம் மாதம் அவன் வராமல் கூட்டம் களைகட்டாது என்கிற நிலை வந்துவிட்டது. தபால் ஆபீஸ் டாட், எழுபது வயது, கறுப்பு ரம் குடிப்பவள், குட்டி அம்பெறிந்து விளையாடும் டார்ட்ஸ் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் அவன் நாட்களை எழுதி வந்தாள். நூறாவது நாள் கைதட்டினார்கள். இருநூறாவது நாள், ஞாயிறு குலுக்கல் சீட்டில் தனக்குப் பரிசாக விழுந்த இறைச்சித் தட்டை மெர்வ் அப்படியே தூக்கி அவன் கையில் கொடுத்தான். என் பாரின் வேனை ஓட்ட ஆள் இல்லாமல் இருந்தது, அதையும் கிளாரியே எடுத்துக்கொண்டான். குடித்தவர்களை வீடு வீடாகக் கொண்டுவிடுவான். வேன் கிளம்பும்போது உள்ளே சிரிப்பு வெடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பு, பேச்சு, எல்லாம் என் பாரைவிட அவன் வேனில்தான் அதிகம்.

என்னிடம் என்ன பேசுவான் என்கிறீர்களா? "ஒரு ஸ்குவாஷ் ரஸ்." அவ்வளவுதான். மனைவி பற்றி, பயம் பற்றி, இப்போது மெர்விடமும் டாட்டிடமும் சிரித்துக்கொண்டே பேசினான். பதினெட்டு வருஷம் நான் ஒருவன் மட்டும் பொத்திப் பாதுகாத்ததை ஊருக்கே எடுத்து வைத்தான். வயிறு எரிந்தது என்று நீங்கள் எழுதலாம். எனக்கு வருத்தமாக இருந்தது என்பேன்.

இருநூற்று எண்பத்தொன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். கிளாரியின் முறை.

"அஞ்சு ஊத்து ரஸ்."

"நாலு பேருதான இருக்கீங்க."

"அஞ்சாவது உனக்கு. எத்தன வருஷமா அந்தப் பக்கமே நிக்கற, பாவம். நீயும் ஒண்ணு குடி."

மெர்வ் இருமும்வரை சிரித்தான். "யோவ், பீர் குழாய்க்கே பீர் வாங்கிக் குடுக்கறியா நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். கிளாரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் பாரில் அழுது மூக்கைச் சிந்திய ஆள், எனக்காகப் பரிதாபப்பட்டான். அந்த பீரை நான் குடிக்கவில்லை, குழாய்த் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். அவன் ஸ்குவாஷில் வோட்கா, பாட்டில் மூடியில் கால் பங்கு. எலுமிச்சையின் புளிப்பில் தெரியாது. இரண்டு வாரம் கழித்து அரை மூடி, பிறகு ஒரு மூடி. அளவு விஷயத்தில் நான் ஒழுங்கு என்று சொன்னேனே. அவனுக்குக் கெடுதல் செய்கிற எண்ணம் இல்லை. குடிக்காமலே ஒருவன் அவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அப்படி இருக்க முடியும் என்றால் நான் இத்தனை வருஷம் ஊற்றியதற்கு என்ன அர்த்தம்?

ஐந்தாவது வாரம், மதியம் மூன்று மணிக்கு, பத்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவன் தனியாக வந்தான். கண் உள்ளே போயிருந்தது. முன்பு உட்காரும் அதே மூலையில் உட்கார்ந்தான்.

"ரஸ், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடா. கை நடுங்குது. மொத வாரம் மாதிரி மறுபடியும் ஆசை வருது. விட்டுத் தொலைச்சு இத்தன மாசம் ஆச்சு, இப்ப ஏன் வருதுன்னே புரியல."

"மெர்வ்கிட்ட சொன்னியா?"

"அவங்கல்லாம் கைதட்டிட்டு இருக்காங்க, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

உன்கிட்ட மட்டும்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் மதியம் வந்தான். அவனுக்கு நானே ஸ்குவாஷ் கலந்து கொடுத்தேன், ஒன்றரை மூடி. அதை நிறுத்தினால் அவன் வருவதும் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அவன் பிடிவாதக்காரன். வாயைக் கட்டி, ஆசையை அடக்கிக்கொண்டு நாளைத் தள்ளினான். பலகையில் முந்நூற்று அறுபத்தொன்று வந்துவிட்டது. வியாழக்கிழமை பிரான்வின் குழந்தையோடு வந்து அவனை அழைத்துப்போவதாக ஏற்பாடு. டாட் கேக்குக்குச் சொல்லிவிட்டாள். அவன் பெட்டி கட்டிவிட்டதாக மெர்வ் சொன்னான். என்னிடம் அவன் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய ஞாயிறு மதியம், வேன் போகிற வழியில் பாலத்தருகே ஊதச் சொல்லும் சோதனை போடும்படி உங்கள் ஸ்டேஷனுக்குப் பெயர் சொல்லாத ஆண் குரல் ஒன்று ஃபோன் செய்தது. உங்களிடம் பதிவு இருக்கும். அது நான்தான். வேனில் ஆறு பேர் போகிறார்கள், ஓட்டுகிறவன் உடம்பில் சாராயம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு பேசாமல் இருப்பது தப்பில்லையா? ஆள் ஏற்றிப் போகிறவருக்கு அந்தக் கருவியில் பூஜ்யம் தவிர எதுவும் வரக்கூடாது என்பது சட்டம். அவனுக்கு வந்தது கொஞ்சம்தான். கொஞ்சமே போதும்.

அவன் தொடவே இல்லை என்று நடுரோட்டில் சத்தியம் செய்தானாம். ஆறு பேரும் வேனிலிருந்து இறங்கி, அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தே வந்தார்கள். "எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தான்? கைதட்டி கைதட்டி நம்மள முட்டாளாக்கிட்டான்" என்றான் மெர்வ். டாட் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழனன்று பிரான்வின் வந்தாள். குழந்தையைக் காரிலேயே விட்டுவிட்டு என்னிடம்தான் முதலில் வந்தாள்.

"ரஸ், ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தினமும் அவர் முன்னாடி நின்னவர் நீங்கதான். அப்பா இந்த வருஷம் குடிச்சாரா? நீங்க இல்லன்னு சொன்னா நான் நம்பறேன். இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

இல்லை என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். பொய்கூட வேண்டியதில்லை. நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "உங்க அப்பா என் சிநேகிதன்மா. அவனப் பத்தி என் வாயால எதையும் வரவழைக்காத."

குடித்திருக்கிறான் என்றே அவள் புரிந்துகொண்டாள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தலையாட்டிவிட்டுப் போய்க் காரை எடுத்தாள். கிளாரி பெட்டியோடு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வந்தான். "பீர் ஊத்து. நெஜம்மாவே குடிச்சிட்டுப் போறேன்" என்றான். குழாயை ஏற்கனவே திறந்துவிட்டிருந்தேன். இருபத்துமூன்று நாள் தினமும் வந்தான். வேறு யாரும் அவனோடு பேசவில்லை. மெர்வ் ஸ்டூலை நகர்த்திக்கொள்வான். ஆக என்னோடுதான் பேசினான், காலை பதினோரு மணிக்குத் திறந்ததிலிருந்து. மஞ்சளாகிக்கொண்டு வந்தான், சாப்பிடவில்லை. டாக்டரிடம் போ என்று இரண்டு முறை சொன்னேன். இருபத்துமூன்றாவது நாள் வாயில் ரத்தமாக வந்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும், எங்கள் ஊர் அப்படி. தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன்.

அவனை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் என் பாருக்குத்தான் வந்தார்கள். மெர்வ் என் தோளில் கை போட்டு என்னை வெளிப்பக்கம் இழுத்தான். "கடைசி வரைக்கும் கூட இருந்தவன் நீதான்யா. இந்தச் சுற்றுல நீயும் இருக்கற." பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் குழாய்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. நன்றாக இருந்தது சார்ஜென்ட், மறைக்க மாட்டேன். அப்படியே விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

டாட் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவனுக்குத் தெரியும் கண்ணு. கடைசி வாரம் என் வீட்டுக்கு வந்து சொன்னான். உன் ஸ்குவாஷ் தவிர அவன் வாயில வேற எதுவும் போகலையே, யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டான்."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். சொன்னா பாரை இழுத்து மூடிடுவாங்க, அப்புறம் ரஸ் எங்க போவான், அவனுக்குன்னு யாரு இருக்கான்னு கேட்டான். செத்தப்புறமும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நான் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிஞ்சா போதும்."

மறுபடியும் பரிதாபம். செத்த பிறகும் எனக்கு ஒரு சுற்று வாங்கித் தந்துவிட்டுப் போயிருக்கிறான். டாட் சொல்ல மாட்டேன் என்கிறாள், ஆனால் மூன்றாவது ரம்முக்கு மேல் அவள் வாய் நிற்காது. நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். கிளாரி எப்பேர்ப்பட்ட மனுஷன், தன்னைக் கொன்றவனைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை என்பார்கள். பிரான்வின் அவன் படத்தை மாட்டி வைப்பாள். எல்லாம் அவனுக்கே போகும்.

அதனால் முந்திக்கொண்டு நானே உங்களைக் கூப்பிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். வோட்காவை ஊற்றியது நான், ஃபோன் செய்தது நான், மகளைத் திருப்பி அனுப்பியது நான், கொன்றது நான். அவன் கண்டுபிடித்தான், மன்னித்தான் என்பதெல்லாம் கிழவியின் பேச்சு, அது வாக்குமூலத்தில் வர வேண்டாம். காரணம் என்கிற இடத்தில் பொறாமை என்றும் போடாதீர்கள். மகள் இல்லை, வீடு இல்லை, ஒரு ஸ்டூல்கூட சொந்தமாக இல்லாதவன்மேல் நான் ஏன் பொறாமைப்பட வேண்டும்? எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள். இனி அந்தப் பாரில் அவனைப் பற்றிப் பேசுகிற யாரும் என்னை விட்டுவிட்டுப் பேச முடியாது.