பின்சீட்டில் மதினி இல்லை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். தாராவி சிக்னலில் பஸ்ஸுக்கு நிற்கையில் ஆளுக்கொரு பைக்கில் வந்து நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள்.

“அண்ணே, மதினி எங்க?”

“பின்னாடிதானலே இருக்கா.”

“சீட்டு காலியால்லா கெடக்கு.”

மூத்தவர் திரும்பிப் பார்த்து, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“செம்பூர் பெட்ரோல் பம்புல பெட்ரோல் போடுறவன் எறங்கச் சொன்னான், எறங்குனா. அவ திரும்ப ஏறிட்டான்னு நெனச்சேனே!”

“பாரம் தெரியலையா?”

“பேசிக்கிட்டே வந்தேம்லே. அவ அம்மாவ ஏசுனதுக்கு வழி முழுக்க மன்னிப்பு கேட்டேன். பதிலே இல்ல. கோவம் தீரலன்னு நெனச்சேன்.”

“போன் போடுங்க.”

“அவ போனும் எங்கிட்டதான்.”

“அப்போ திரும்பிப் போயி மொதல்லேருந்து கேளுங்க.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் நகரவில்லை.

“எதுக்குலே மொதல்ல கேக்க? ஏசுனதுக்கா, விட்டுட்டு வந்ததுக்கா?”

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசித்துக் காட்டு. எதற்கு முதலில் கேட்பதென்று எனக்கும் விளங்கவில்லை.